வேகும் வரை

ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின ராத்திரி ஊறப்போட்ட தட்டப்பயறைக் காலையில் குக்கரில் ஏற்றினேன். கத்தரிக்காய், வெங்காயம், தக்காளி, மசாலா, புளி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு 4 விசில் விட்டால் குழம்பு தயார் என்று குறிப்பில் இருந்தது. 4 விசில் விட்டேன். ஆவி அடங்கித் திறந்து ஒரு பயறை நசுக்கினால், கோலிக்குண்டு மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மறுபடி மூடி இன்னும் 3. தோல் கழன்றது, உள்ளே நறுக்கென்றுதான் இருந்தது. மறுபடி 3. பத்து விசிலுக்குப் பிறகு கத்தரிக்காய் இருந்த இடம் தெரியவில்லை. பயறில் பாதி கூழாகிவிட்டது. மீதிப் பாதி அப்படியே கிடந்தது.

டி. கல்லுப்பட்டிப் பக்கத்தில் இருக்கும் அம்மாச்சிக்குப் போன் போட்டேன். "அம்மாச்சி, தட்டப்பயறுக்கு எத்தன விசிலு?"

அவர் பதில் சொல்லவில்லை. கேள்வி கேட்டார்.

"என்ன பயறுய்யா? தைல எடுத்ததா, போன வருசத்ததா?"

"தெரியல அம்மாச்சி. கடைல வாங்குனது."

"நல்ல தண்ணில போட்டயா, போர் தண்ணிலயா?"

"போர் தண்ணி."

"புளிய எப்ப ஊத்துன?"

"எல்லாத்தையும் ஒண்ணாத்தான் போட்டேன்."

"அப்பறம் எங்கிட்டு வேகும்? பயறப் பாக்காம எத்தன விசிலுன்னு நான் என்னத்தய்யா சொல்ல?"

நான் பத்து வருடமாக மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன். எங்கள் தொழிலில் ஒருவர் "ஓடல சார்" என்று வந்து நின்றால், தெரிந்தவர் உடனே தீர்வு சொல்ல மாட்டார். எந்த வெர்ஷன், எந்த மெஷின், கடைசியாக எதை மாற்றினாய் என்று கேட்பார். அம்மாச்சி செய்தது அதைத்தான். அவருடைய மூன்று கேள்விகளில் ஒன்றுகூட நான் பின்பற்றிய குறிப்பில் இல்லை. குறிப்பில் இருந்தது ஒரே ஓர் எண். அந்த எண்ணைப் பற்றியும், அது இல்லாமல் எழுதுகிறவர்களைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை. சமையல் குறிப்பு என்பதும் ஓர் எழுத்து வடிவம்தான். தமிழில் கவிதைக்கும் நாவலுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். தினமும் கோடிப் பேர் வாசித்து அதன்படி நடக்கிற ஒரு வடிவத்துக்கு எழுதுவதில்லை.

1

முதலில் அந்த மூன்று கேள்விகள். அவை பாட்டிமாரின் நம்பிக்கைகள் என்றுதான் நினைத்திருந்தேன். தேடிப் படித்தபோது ஒவ்வொன்றும் ஒரு வேதியியல் கேள்வி என்று தெரிந்தது.

பயறின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. சூட்டில் அது கரைந்து செல்கள் பிரிவதைத்தான் நாம் 'வெந்துருச்சு' என்கிறோம். கால்சியமும் மெக்னீசியமும் அந்தப் பெக்டினோடு சேர்ந்துகொண்டால் பசை இறுகிவிடும், லேசில் கரையாது. உப்புத் தண்ணி என்று நாம் ஒதுக்குகிற போர் தண்ணியில் அதிகம் இருப்பவை இந்த இரண்டும்தான். நல்ல தண்ணியா, போர் தண்ணியா என்ற கேள்வியின் பொருள் இது.

பயறு எப்போது எடுத்தது என்ற கேள்வி இதைவிட நுட்பமானது. மதுரைக்குத் தெற்கிலும் மேற்கிலும், திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டிப் பக்கம், தட்டப்பயறு பெரும்பாலும் மானாவாரிதான். புரட்டாசி, ஐப்பசி மழைக்கு விதைத்தால் மார்கழி, தையில் நெத்து பறிக்கலாம். அந்தத் தைப் பயறு சீக்கிரம் வேகும். அதையே வெக்கையும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் வைத்தால் பயறுக்குள்ளேயே ஒரு மாற்றம் நடக்கிறது. பயறு தன் பாஸ்பரஸைப் பைட்டேட் என்ற வடிவில் சேர்த்து வைத்திருக்கும். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கட்டிப்போட்டிருப்பதும் அதுதான். சேமிப்பில் பைட்டேட் மெல்லச் சிதைய, விடுபட்ட கால்சியம் பெக்டினிடம் போய்ச் சேருகிறது. பழைய பயறு வேகாமல் அடம்பிடிப்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது. வெளியிலிருந்து போர் தண்ணி செய்கிற வேலையை, பழைய பயறு உள்ளிருந்தே செய்துகொள்கிறது.

புளியும் இதே கதைதான். அமிலத்தில் பெக்டின் கரைவது மட்டுப்படும். முக்கால் பதத்தில் புளியை ஊற்றினால் பயறு அந்த முக்கால் பதத்திலேயே நின்றுவிடும். சோடா உப்பு இதற்கு நேரெதிர். ஒரு சிட்டிகை போட்டால் மளமளவென்று வேகும். ஆனால் தயமின் என்ற வைட்டமினை அழித்துவிடும், கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாசம் அடிக்கும்.

ஆக, ஒரு கிலோ பயறுக்கும் இன்னொரு கிலோவுக்கும் வேகும் நேரம் இரண்டு மடங்குகூட வேறுபடலாம். கீழமாசி வீதியில் மூட்டையிலிருந்து அள்ளித் தருகிற கடையில், தைப் பயறா என்று கேட்டால் கடைக்காரர் ஏதாவது பதில் சொல்வார். பாக்கெட்டிடம் கேட்க முடியாது. அதில் அச்சிட்டிருப்பது பொட்டலம் கட்டிய தேதி. செடியிலிருந்து பறித்த தேதி எங்கேயும் இருக்காது. போன வருடத்துப் பயறும் இந்த வருடத்துப் பயறும் ஒரே பொட்டலத்தில் கலந்திருந்தால் என் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு மாதிரிதான், பாதி கூழ், பாதி கல்.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்கிறோம். அரிசிக்கு அது சரி. ஒரே மூட்டை அரிசி ஏறத்தாழ ஒரே மாதிரி வேகும். கலப்படப் பயறுக்கு அந்தப் பழமொழி செல்லாது. பானையில் மேலே, கீழே, ஓரத்தில் என்று ஐந்தாறு பயறு எடுத்து நசுக்க வேண்டும். அம்மாச்சி கரண்டியில் அள்ளிய பயறை உள்ளங்கையில் கொட்டி, கட்டை விரலால் ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்ப்பார். சின்ன வயதில் அதை விளையாட்டு என்று நினைத்தேன். புள்ளியியல் படித்தவர்கள் அதை மாதிரி எடுத்தல் என்பார்கள்.

2

இனி அந்த எண். 4 விசில்.

விசில் நேரத்தின் அலகு கிடையாது. உள்ளே அழுத்தம் ஓர் அளவைத் தாண்டும்போது வெயிட் தூக்கி ஆவி வெளியேறுகிறது, அவ்வளவுதான். அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை சூடாகும், அதனால் சீக்கிரம் வேகிறது. ஆனால் முதல் விசில் வர 5 நிமிடம் ஆகுமா 12 நிமிடம் ஆகுமா என்பது குக்கரின் அளவு, ஊற்றிய தண்ணீர், அடுப்பின் தீ எல்லாவற்றையும் பொறுத்தது. பெரிய தீயில் 4 விசில் 3 நிமிடத்தில் முடியும். சிறு தீயில் 20 நிமிடம் இழுக்கும். விசிலை எண்ணாமல், அழுத்தம் வந்தபிறகு தீயைக் குறைத்து நிமிடத்தைக் கணக்கு வை என்பதுதான் குக்கரின் பொறியியல் கணக்கு. எண்ணிக்கை நாமாகக் கண்டுபிடித்த இலக்கணம்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். '4 விசில் விடவும்' என்பது ஃபார் லூப். உள்ளே என்ன நடந்தாலும் நான்கு முறை ஓடிவிட்டு நின்றுவிடும். 'வேகும் வரை வைக்கவும்' என்பது வைல் லூப். ஒவ்வொரு சுற்றிலும் நிலையைச் சோதித்து, நிறைவேறினால்தான் வெளியே வரும். இடுபொருள் மாறாமல் இருந்தால் முதலாவது போதும். இடுபொருள் பயறு மாதிரி ஒவ்வொரு தடவையும் மாறினால் இரண்டாவதுதான் சரியான நிரல். பழைய சமையல் புத்தகங்களில் 'வெந்ததும் இறக்கவும்' என்று வரும்போது, 'எப்ப வேகும்னு சொல்லித் தொலைங்களேன்' என்று எரிச்சல்பட்டவன் நான். துல்லியமாகத் தெரிகிற எண்தான் குத்துமதிப்பு. மொட்டையாகத் தெரிகிற 'வேகும் வரை'தான் துல்லியம் என்பது புரிய எனக்கு ஒரு குழம்பு பாழாக வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-ல் வந்தது. இந்தியாவில் ஹாக்கின்ஸும் பிரெஸ்டீஜும் குக்கர் தயாரிக்கத் தொடங்கியது 1959-ஐ ஒட்டி. மெட்ரிக் அளவைகளுக்கான சட்டமே 1956-ல்தான் வந்தது. படியும் ஆழாக்கும் பலமும் புழங்கிய, விசில் என்ற சத்தமே இல்லாத அடுக்களைக்காக எழுதப்பட்ட நூல் அது. சொல்லித்தர மூத்த பெண் யாரும் பக்கத்தில் இல்லாத ஒருத்தியைக் கற்பனை செய்துகொண்டு எழுதியது மாதிரிதான் அதை வாசிக்கத் தோன்றுகிறது. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிற பெண்களின் பெட்டியில் அது இடம்பிடித்ததற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் அதற்கு 'குக் அண்ட் சீ' என்று பெயர் வைத்தார்கள். அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். தமிழில் 'பார்' என்பது துணைவினை: கேட்டுப் பார், எழுதிப் பார். முயற்சி செய் என்று பொருள். அதைப் போய்க் கண்ணால் பார்ப்பது என்று பெயர்த்துவிட்டார்களே என்ற சிரிப்பு. இப்போது சிரிப்பு வரவில்லை. விசிலுக்கு முந்தைய சமையலில் முயற்சி செய்வதும் பார்ப்பதும் ஒரே வேலை. மூடியைத் திற, எடு, நசுக்கு, பார். அந்தத் தலைப்பின் இரண்டு பொருளும் சரிதான். குக்கர் வந்து மூடியை இறுக்கி அடைத்தபோது முதலில் போனது இந்தப் 'பார்'.

நூலுக்கு ஓர் எல்லையும் உண்டு. அது தமிழ் பிராமணச் சைவ அடுக்களை. அங்கே இந்தப் பயறுக்குப் பெயர் காராமணி. காரடையான் நோன்புக்கு அடையில் போடுவார்கள். எங்கள் ஊரில் அது தட்டப்பயறு, கத்தரிக்காயும் கருவாடும் அதற்குச் சோடி. இலங்கைத் தமிழர்களுக்கு ஆங்கிலப் பெயரே திரிந்து கௌப்பி ஆகிவிட்டது. ஒரே பயறு மூன்று பெயர்களில் மூன்று அடுக்களைகளில் வேகிறது. அச்சில் முதலில் ஏறியது ஒரு வீட்டின் பக்குவம். மற்ற வீடுகளின் பக்குவம் வாய்மொழியாகவே இருந்து, ஒரே தாவலில் வீடியோவுக்கு வந்துவிட்டது. நடுவில் இருந்திருக்க வேண்டிய எழுத்து, அம்மாச்சியின் மூன்று கேள்விகளை யாராவது எழுதிவைத்திருக்க வேண்டிய எழுத்து, பெரும்பாலும் நிகழவேயில்லை.

3

இதுவரை படித்தவர்கள் நான் எங்கே போகிறேன் என்று ஊகித்திருப்பீர்கள். அம்மாச்சியின் கைப்பக்குவம், விறகடுப்பு, மண்சட்டி, அந்தக் காலம். தமிழில் உணவைப் பற்றி வரும் கட்டுரைகளில் பாதி இந்த இடத்தில்தான் போய் முடியும். எனக்கு அந்த வகை எழுத்தின் மேல் 4 விசிலைவிடப் பெரிய புகார் இருக்கிறது.

என் அம்மா பள்ளி ஆசிரியை. 7.40 பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்குள் காலைச் சாப்பாடு, எனக்கும் தங்கச்சிக்கும் மத்தியானச் சாப்பாடு, தண்ணி பிடிப்பது எல்லாம் முடிய வேண்டும். தட்டப்பயறைக் குக்கரில் ஏற்றிவிட்டுக் குளிக்கப் போவார். பாத்ரூமிலிருந்தே கத்துவார்: "டேய், எத்தனாவது விசிலு?" நான் எண்ணிச் சொல்வேன். அந்த வீட்டில் என் முதல் சமையல் பொறுப்பு அதுதான்.

அம்மா வைத்த குழம்பு சில நாள் நன்றாக இருக்கும், சில நாள் பயறு நறுக்கென்று இருக்கும். மாமாமார்கள் வந்து சாப்பிட்டால் தவறாமல் ஒன்று சொல்வார்கள்: "என்ன இருந்தாலும் அம்மா கை இவளுக்கு வரல." அம்மா சிரித்துக்கொண்டே அடுத்த கரண்டி ஊற்றுவார். அது சிரிப்பு இல்லை என்று புரிய எனக்கு முப்பது வயதாகியிருக்கிறது.

அம்மாச்சி பயன்படுத்தியது அவர்கள் காட்டில் விளைந்த பயறு. விதைக்கு எடுத்துவைத்ததைச் செம்மண் கரைசலில் புரட்டி, வெயிலில் காயவைத்து, வண்டு விழாமல் பார்த்துக்கொண்டார்கள். சமையலுக்கு உள்ளது குலுக்கையில் இருந்தது. எந்தப் பயறு எந்தத் தையில் எடுத்தது என்று அவருக்குத் தெரியும். கிணற்றுத் தண்ணி நல்ல தண்ணி. அடுப்புக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார அவருக்கு நேரம் இருந்தது என்பதைவிட, வேறெங்கும் போக முடியாமல் இருந்தது என்பதுதான் சரி. அம்மாவுக்கு வாய்த்தது ரேஷனிலோ மளிகையிலோ வந்த, வயசு தெரியாத பயறு, போர் தண்ணி, 40 நிமிடம். இரண்டு பேருக்கும் இடையில் மாறியது பயறும் தண்ணியும் நேரமும். ஊர் சொன்னது, கை மாறிவிட்டதாம்.

கைமணம், கைப்பக்குவம் என்ற சொற்களின் வேலை இதுதான். வாழ்த்துகிற மாதிரி இருக்கும். ஆனால் ஒரு அறிவை உடம்போடு ஒட்டிவைத்து, அதைச் சொல்லித்தர முடியாததாக ஆக்கிவிடும். சொல்லித்தர முடியாதது என்றால் எழுதிவைக்க வேண்டியதில்லை. எழுதிவைக்காவிட்டால் அது வராதவளைக் குறை சொல்லிவிட்டுப் போய்விடலாம். "எப்படி அம்மாச்சி?" என்று கேட்டால் "அதுவா வரும்" என்பார் அவரும். ஆனால் போனில் அவர் கேட்ட மூன்று கேள்விகள் 'அதுவா' வந்தவை இல்லையே. அரை நிமிடத்தில் எழுதிவிடக்கூடிய, யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய அறிவு அது.

அந்த அறிவு எல்லா இடத்திலும் சரியாகவும் இருந்ததில்லை. முதலிலேயே உப்புப் போட்டால் பயறு வேகாது என்பது அம்மாச்சியின் அசைக்க முடியாத சட்டம். உண்மை நேர்மாறு. ஊறவைக்கும் தண்ணியிலேயே உப்புப் போட்டால் சோடியம் தோலில் உள்ள கால்சியத்தைக் கொஞ்சம் இடம்பெயர்த்து, தோலை மெதுவாக்குகிறது. இரண்டு கிண்ணத்தில் ஊறவைத்துப் பார்த்தேன். உப்புக் கிண்ணத்துப் பயறு தோல் கிழியாமல் பதமாக வெந்தது. எழுதிவைக்கப்பட்ட அறிவென்றால் யாராவது முன்பே சோதித்துத் திருத்தியிருப்பார்கள். புகழ்ந்துகொண்டே இருந்ததால் யாரும் சோதிக்கவில்லை.

விசிலுக்கும் அதன் நியாயத்தைக் கொடுத்துவிட வேண்டும். அது பார்வையைப் பறித்தது என்றேன். அம்மாவுக்கு அதுதான் விடுதலை. பார்த்துக்கொண்டே நிற்க வேண்டாம், காதால் சமைக்கலாம். இன்னொரு அறையில் இருந்துகொண்டு, ஒரு பையனை எண்ணச் சொல்லிவிட்டுத் தலை துவட்டலாம். வேலைக்குப் போன முதல் தலைமுறைப் பெண்களின் காலை நேரம் அந்தச் சத்தத்தின் மேல்தான் நின்றது. ஆகவே விசிலை விட்டுவிட்டு மண்சட்டிக்குத் திரும்புவோம் என்று எழுதுகிறவர், அந்தச் சட்டிக்கு முன்னால் யார் உட்காருவார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

4

எண் மட்டும் எழுதுகிற குறிப்பு, பயறு ஒன்றுபோல் இருக்கும் என்று நம்புகிறது. கைமணம் எழுதுகிற கட்டுரை, பயறைப் பார்ப்பதே இல்லை, பாட்டியைத்தான் பார்க்கிறது. இரண்டுமே சமைக்கிற ஆளுக்கு உதவாது. எங்கள் தொழிலில் வைல் லூப் எழுதினால் ஒரு டைம்அவுட்டும் சேர்த்து எழுதுவோம், காலம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக. சமையல் குறிப்பும் அப்படி இருக்கலாம். நேரத்தையும் சொல், அடையாளத்தையும் சொல், அடையாளம் வராவிட்டால் என்ன செய்வது என்றும் சொல். நான் எழுதிப் பார்த்த குறிப்பு இது.

ஒரு கப் தட்டப்பயறைக் கழுவி, நான்கு கப் நல்ல தண்ணியில், ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு ஊறவையுங்கள். கேன் தண்ணியோ வடிகட்டிய தண்ணியோ போதும். 6 முதல் 8 மணி நேரம். மதுரை வெயிலில் அதற்கு மேல் போனால் புளித்து நுரைக்கும். ஊறியபின் பயறு ஏறத்தாழ இரண்டு மடங்கு எடை ஆகியிருக்கும். ஊறாமல் சின்னதாகவே கிடப்பதைப் பொறுக்கிவிடுங்கள், தோல் தண்ணி வாங்காத கல் பயறு அது, எத்தனை விசிலுக்கும் வேகாது. ஊறவைத்த தண்ணியைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணியில் வேகவையுங்கள். ஊறவைக்க மறந்துவிட்டால் வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்து நேராகக் குக்கரில் போடலாம், நேரம் கூடும்.

குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, சுண்டலுக்கு 4 நிமிடம், குழம்புக்கு 7 நிமிடம். இது தொடக்கம்தான், முடிவு இல்லை. ஆவி அடங்கியபின் மூன்று இடத்திலிருந்து ஆறு பயறு எடுங்கள். கட்டை விரலால் நசுக்கினால் மாவாகப் பிரிய வேண்டும், நடுவில் வெள்ளையாகக் கட்டி நிற்கக் கூடாது. சுண்டலுக்கு ஆறும் முழுசாக இருந்து ஆறும் நசுங்க வேண்டும். குழம்புக்கு ஒன்றிரண்டு வெடித்திருந்தால் நல்லது, குழம்பு கெட்டிப்படும். ஒன்று நசுங்காவிட்டாலும் மறுபடி 3 நிமிடம். ஆறும் நசுங்கிய பிறகுதான் புளி. இப்படி மூன்று தடவை வைத்தும் நசுங்காவிட்டால் உங்கள் மேல் தப்பில்லை, பயறு பழசு.

எழுதி முடித்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஓய்வுபெற்று நான்கு வருடமாகிறது, இப்போது எந்த பஸ்ஸையும் பிடிக்க வேண்டியதில்லை. சாயங்காலம் போன் வந்தது.

"ஆறு பயறு எடுத்து நசுக்கச் சொல்லிருக்க. எனக்கு அப்ப ஒண்ணு எடுத்துப் பாக்கவே நேரம் இருந்ததில்லடா."

"தெரியும்மா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஆசிரியைக் குரலில், விடைத்தாள் திருத்துகிற மாதிரி சொன்னார்: "கடைசில ஒரு வரி விட்டுட்ட. பயறு பழசுன்னா தூக்கிப் போட வேணாம். நசுக்கிக் கடஞ்சு, பருப்பு மாதிரி தாளிச்சிரலாம். நான் அப்பிடித்தான் பண்ணுவேன். நீங்க யாரும் கண்டுபுடிச்சதே இல்ல."

அந்த வரியைக் குறிப்பில் சேர்த்துவிட்டேன்.